நகராட்சியே ஃபைபர் போடலாமா? கடன் எங்கே அடைபடும், எங்கே கழுத்தை இறுக்கும்

கேள்வி இதுதான். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் சுமார் 15,000 வீடுகள் உள்ள ஒரு சிறு நகரம். மின்விநியோகம் நகராட்சியின் கையிலேயே இருக்கிறது. இணையத்துக்கு ஒரு கேபிள் நிறுவனம், அதை விட்டால் பழைய தொலைபேசிக் கம்பி. நகராட்சியே கடன் பத்திரம் வெளியிட்டு வீட்டுக்கு வீடு ஃபைபர் (இணையத்தைக் கொண்டுவரும் ஒளியிழைக் கம்பி) போடலாமா என்று வாக்காளர்களிடம் கேட்கப்போகிறார்கள். அங்கே குடியிருக்கும் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “சட்டனூகா நகரத்தில் இப்படிப் போட்டது பெரிய வெற்றி என்கிறார்கள். புரோவோ நகரத்தில் போட்டதை ஒரு டாலருக்கு விற்றார்கள் என்கிறார்கள். எதை நம்பி வாக்களிப்பது?”

இரண்டுமே நடந்தவைதான். மின்விநியோகம் நகராட்சியிடம் இருப்பதால் ஆதரித்து வாக்களிக்கும் பக்கமே நான் சாய்கிறேன். ஆனால் வாக்குச்சீட்டைத் தொடும் முன் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. ஃபைபர் போட்டு முடித்த மூன்று ஆண்டுகளுக்குள், வாசலில் கம்பி போகும் வீடுகளில் எத்தனை சதவீதம் சந்தா கட்டும் என்று உங்கள் நகரசபை கணித்திருக்கிறது? திட்டம் பிழைப்பதும் சாவதும் அந்த எண்ணில்தான். வேகம், தொழில்நுட்பம், எதிர்கால வளர்ச்சி என்று மேடையில் பேசப்படும் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

உங்கள் ஊரின் அளவை வைத்தே போட்டுப் பார்க்கலாம். இவை என் உத்தேச எண்கள். உங்கள் நகராட்சியின் ஆலோசகர் தருபவற்றை இவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவோடு ஃபைபரைக் கொண்டுபோக வீட்டுக்கு 1,200 டாலர் என்றால் 15,000 வீடுகளுக்கு 1.8 கோடி டாலர். இந்தச் செலவு யார் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உண்டு. சேருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் தெருவிலிருந்து சுவர் வரை கம்பி இழுத்து, உள்ளே பெட்டி மாட்ட மேலும் 800 டாலர். 40 சதவீதம் சேர்ந்தால் 6,000 வீடுகள், 48 லட்சம் டாலர். மையக் கட்டடம், ஒளிச் சாதனங்கள், ரவுட்டர்கள் எல்லாம் 42 லட்சம். முதல் மூன்று ஆண்டு வட்டியையும் நட்டத்தையும் தாங்க 50 லட்சம். மொத்தம் 3.2 கோடி டாலர் கடன். 5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குப் போட்டால் ஆண்டுத் தவணை சுமார் 25.7 லட்சம்.

மாதம் 70 டாலர் சந்தா என்றால் 6,000 வீடுகளிலிருந்து ஆண்டுக்கு 50.4 லட்சம் வருகிறது. சம்பளம், வாடிக்கையாளர் சேவை, வெளி இணைய இணைப்பு, பழுதுபார்ப்பு என்று 22 லட்சம் அளவுக்குப் போகும். மிச்சத்தில் தவணையைக் கட்டியதும் கையில் நிற்பது 3 லட்சத்துக்கும் குறைவு. அதே ஊரில் 30 சதவீதம்தான் சேர்ந்தது என்றால், நடத்தும் செலவும் தவணையும் சற்றுக் குறைந்தாலும், ஆண்டுக்கு 7 லட்சம் டாலர் துண்டு விழும். 50 சதவீதம் சேர்ந்தால், அந்தச் செலவுகள் சற்றுக் கூடியும், 13 லட்சம் மிஞ்சும். பத்துச் சதவீதப் புள்ளிகள் ஏறுவதும் இறங்குவதும் ஓர் ஊரின் தலையெழுத்தை இந்த அளவுக்கு மாற்றுகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். 40 சதவீதம் சேர்ந்த பிறகும், கேபிள் நிறுவனம் விலையைக் குறைத்ததால் நீங்களும் 60 டாலருக்கு இறங்க நேர்ந்தால், ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல் பற்றாக்குறை. கேபிள் நிறுவனம் விலையைக் குறைக்குமா என்ற சந்தேகமே உங்களுக்கு வேண்டாம். குறைக்கும், இரண்டாண்டு ஒப்பந்தம் போட்டு வாடிக்கையாளரைக் கட்டியும் வைக்கும்.

இந்தக் கணக்கைச் சரியாகப் புரிந்துகொண்ட ஊர் என்று நான் முதலில் காட்டுவது சட்டனூகாவை அல்ல, கொலராடோவின் லாங்மாண்ட் நகரத்தை. ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகை. மின்விநியோகம் நகராட்சியுடையது. 1997-இலேயே மின்சாரத் தேவைக்காக ஊரைச் சுற்றி ஒரு ஃபைபர் வளையம் போட்டுவிட்டார்கள். அதை வீடுகளுக்குத் திறந்துவிட நினைத்தபோது, 2005-இல் மாநிலச் சட்டம் குறுக்கே வந்தது: வாக்கெடுப்பு நடத்தாமல் எந்த நகராட்சியும் இணையச் சேவை தரக்கூடாது. 2009 வாக்கெடுப்பில் நகராட்சி தோற்றது. கேபிள் தொழில் தரப்பு எதிர்ப்புப் பிரசாரத்தில் லட்சக்கணக்கான டாலர்களைக் கொட்டியிருந்தது. 2011-இல் மறுபடி வாக்கெடுப்பு. முந்தையதைவிடக் கூடுதலாகவே எதிர்த்தரப்பு செலவழித்தும் இந்த முறை ஊர் அனுமதி தந்தது. 2013-இல் 4.53 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிட மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமானோர் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ‘நெக்ஸ்ட்லைட்’ என்ற பெயரில் சேவை தொடங்கியது.

அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் விலையில் இருக்கிறது. தங்கள் தெருவுக்குச் சேவை வந்த மூன்று மாதத்துக்குள் சேருகிறவர்களுக்கு, தரவு அனுப்பவும் பெறவும் ஒரே மாதிரியான, நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் மாதம் 49.95 டாலருக்கு, தொடக்கச் சலுகை என்று ஓராண்டில் முடிந்துபோகாமல் நீடிக்கிற விலை. எட்டிநின்று பார்க்கலாம் என்று நினைக்கிற குடும்பத்தைக்கூட அது உடனே முடிவெடுக்க வைத்தது. விளைவாக, திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி மதிப்பிட்டிருந்த இடத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் சேர்ந்தன. பாருங்கள், மாதச் சந்தாவில் விட்டுக்கொடுத்து, சேரும் சதவீதத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். மேலே நான் போட்ட கணக்கில் 50 டாலருக்கு 40 சதவீதம் என்றால் ஊர் மூழ்கிவிடும். ஆனால் லாங்மாண்டில் தொடக்கச் செலவு குறைவு: வளையம் ஏற்கெனவே இருந்தது, கம்பங்களும் குழாய்களும் தங்களுடையவை, வட்டி விகிதமும் அன்று மலிவு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ‘அவர்கள் ஐம்பது டாலருக்குத் தந்தார்களே’ என்று உங்கள் ஊரில் யாராவது மேடையேறினால் தயவுசெய்து எழுந்து கேளுங்கள்.

மின்விநியோகம் கையில் இருப்பது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். உச்சியில் உயர் மின்னழுத்தக் கம்பி. அதற்குக் கீழே வீடுகளுக்குப் போகும் மின்கம்பி. அதன் கீழே 40 அங்குலம் வெற்றிடம். தொலைத்தொடர்புப் பணியாளரை மின்சாரம் தாக்காமல் இருக்க விதிப்படி விடப்பட்ட இடைவெளி. அதற்குக் கீழே கேபிள் நிறுவனத்தின் கம்பி, அடியில் தொலைபேசிக் கம்பி. புதிதாக ஒரு ஃபைபர் நுழைய வேண்டுமானால் கேபிள்காரர் தன் கம்பியை ஓர் அடி இறக்க வேண்டும். அவர் இறக்கும் முன் தொலைபேசிக்காரர் தன்னுடையதை இறக்க வேண்டும். இறக்கினால் தரையிலிருந்து இருக்க வேண்டிய உயரம் குறைந்துபோகிறது என்றால் கம்பத்தையே பிடுங்கி உயரமானது நட வேண்டும். இத்தனை செலவும் புதிதாக வருபவர் தலையில். இறக்க வேண்டிய இருவரும் புதிதாக வருபவரின் போட்டியாளர்கள். அவர்களுக்கு என்ன அவசரம்? ஆயிரக்கணக்கான கம்பங்களில் இப்படி ஒவ்வொன்றாகக் காத்திருக்கும் மாதங்களில் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், வருமானம் ஒரு காசு வராது. துறையில் இதை ‘மேக்-ரெடி’ வேலை என்போம். தனியார் முதலீட்டில் வந்த ஃபைபர் திட்டங்கள் பலவற்றையும் களைப்படைய வைத்தது இதுதான்.

கம்பம் நகராட்சி மின்துறையுடையது என்றால் கதை வேறு. துறையின் சொந்த ஊழியர்கள், மின்கம்பிகளில் வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்கள் என்பதால், உலோகம் இல்லாத ஃபைபர் வடத்தை அந்த 40 அங்குலத்துக்கு மேலேயே, மின்சாரப் பகுதியிலேயே கட்டிவிட முடியும். யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆளைக் கம்ப உயரத்துக்குத் தூக்கும் கூடைவண்டி இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதாமாதம் பில் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. நள்ளிரவில் புயல் அடித்தால் கிளம்பிப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, கரண்ட் போனால் உடனே வருகிறார்கள் என்று ஊர் வைத்திருக்கும் நம்பிக்கை இருக்கிறது. மின்சாரம் தரைக்கடியில் போகும் ஊர் என்றால் மட்டும் இந்த லாபம் குறையும். அங்கே ஒவ்வொரு முற்றத்திலும் தோண்ட வேண்டும். லாங்மாண்டுக்கு அருகிலேயே உள்ள ஃபோர்ட் காலின்ஸ் நகரம், சொந்த மின்துறை இருந்தும், 2017-இல் வாக்காளர் ஒப்புதல் வாங்கிய பிறகு பணியை முடிக்கத் திட்டமிட்டதைவிட மிக அதிகக் காலம் எடுத்துக்கொண்டது. உங்கள் ஊரில் எத்தனை மைல் கம்பத்தில், எத்தனை மைல் மண்ணுக்குள் என்ற விவரம் ஆலோசகர் அறிக்கையில் இருக்க வேண்டும்.

டென்னசியின் சட்டனூகா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. நகரத்தின் மின்வாரியமான இபிபி 2010 செப்டம்பரில் ஊர் முழுதும் ஒரு கிகாபிட் தந்தது. 2020-இல் பெருந்தொற்றின்போது ஏழைப் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு இலவச இணைய இணைப்பு கொடுத்தது; அந்த ஒரு காரியத்துக்காகவே அந்த ஊரை நான் மதிக்கிறேன். ஆனால் உங்கள் நகரசபை அதை முன்மாதிரியாகக் காட்டினால் இரண்டை நினைவூட்டுங்கள். 2009-இல் மத்திய அரசின் எரிசக்தித் துறை சுமார் 11 கோடி டாலர் மானியம் கொடுத்தது. அது திரும்பக் கட்ட வேண்டாத பணம். மற்றது, அங்கே ஃபைபர் முதலில் மின்சாரத்துக்காகப் போடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தானியங்கி ஸ்விட்சுகள் அந்த ஃபைபர் வழியே பேசிக்கொண்டு, மரம் விழுந்த பகுதியை மட்டும் துண்டித்து மற்றவர்களுக்கு மின்சாரத்தைச் சுற்றுவழியில் கொண்டுவருகின்றன. செலவில் ஒரு பங்கை மின்சாரப் பக்கமே நியாயமாக ஏற்றுக்கொண்டது. உங்கள் மின்துறைக்கும் ஸ்மார்ட் மீட்டர், தானியங்கி ஸ்விட்ச் திட்டங்கள் இருந்தால் பிரதான ஃபைபர் தடத்தின் செலவை அங்கேயும் பகிரலாம். இல்லாத பயனை இருப்பதாக எழுதி மின்கட்டணத்தில் ஏற்றுவது மட்டும் கூடாது.

இனி யூட்டாவின் புரோவோ. 2004-இல் 3.95 கோடி டாலர் கடன் வாங்கி ‘ஐபுரோவோ’ கட்டினார்கள். மாநிலச் சட்டத்தின் கெடுபிடியால் நகராட்சி நேரடியாக வீடுகளுக்கு விற்கும் வழி அடைபட்டது. மொத்த விற்பனை மட்டும். அதாவது கடன் முழுதும் நகராட்சியுடையது, வாடிக்கையாளரைப் பிடிக்கிற வேலை மட்டும் இடையில் நிற்கும் சிறு நிறுவனங்களுடையது. அவற்றுக்கு விளம்பரம் செய்யப் பணமும் இல்லை, அவசரமும் இல்லை. சேர்ந்தவர்கள் போதவில்லை. 2008-இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு 4.06 கோடிக்கு விற்றார்கள். அந்த நிறுவனத்தால் தவணை கட்ட முடியாமல் வலைப்பின்னல் நகராட்சியிடமே திரும்பி வந்தது. கடன் அடைக்க ஒவ்வொரு வீட்டின் பில்லிலும் மாதம் 5.35 டாலர் ஏற்றினார்கள். ஃபைபர் வைத்திருந்தவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே மாதிரி. 2013-இல் கூகுளுக்கு ஒரு டாலர் விலையில் கைமாறியது. கடன் நகரத்திடமே நின்றது. கைமாற்றும்போது இன்னொரு செலவும் வந்தது: கம்பிகள் எங்கெங்கே புதைந்திருக்கின்றன என்று சரியான வரைபடம் இல்லாததால், அதைக் கண்டுபிடிக்க மட்டும் சுமார் 5 லட்சம் டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. நான் இந்தத் துறையில் வலைப்பின்னல் வடிவமைக்கும் வேலை செய்கிறவன். போட்ட அன்றே போட்டபடி வரைந்து வைக்காத வேலை எந்தப் பெரிய ஒப்பந்தக்காரர் செய்தாலும் அரை வேலைதான். உங்கள் நகராட்சியின் ஒப்பந்தத்தில், வரைபடம் ஒப்படைக்காமல் இறுதித் தொகை கிடையாது என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

வெர்மான்டின் பர்லிங்டன் என்னை இன்னும் அதிகம் வருத்தும் கதை. ஏனென்றால் அங்கே தோற்றது ஃபைபர் அல்ல, நேர்மை. சுமார் 45,000 பேர் வாழும் ஊர். வருமானம் எதிர்பார்த்தபடி வராதபோது, நகராட்சியின் பொதுப் பணத்திலிருந்து சுமார் 1.7 கோடி டாலரை எடுத்துத் தாங்களே நடத்திய இணைய நிறுவனத்துக்குள் ஊற்றிக்கொண்டே போனார்கள். அப்படி எடுக்கும் பணத்தை 60 நாளில் திருப்பிவைக்க வேண்டும் என்று மாநில உரிமத்திலேயே நிபந்தனை இருந்தது. மக்களுக்கும் நகரசபைக்கும் முழு விவரம் தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. சாதனங்களுக்கு 3.35 கோடி டாலர் நிதி கொடுத்த சிட்டிபேங்க் வழக்குத் தொடுத்தது. நகரத்தின் கடன் தகுதி மதிப்பீடு தரமற்ற பத்திரம் என்ற நிலைக்கு ஒரு படி மேலே வரை சரிந்தது. அதனால் பள்ளிக்கும் குடிநீருக்கும் வாங்கும் கடனுக்குக்கூட வட்டி கூடியது. 2014-இல் 1.05 கோடி டாலருக்குச் சமரசம், 2019-இல் 3.08 கோடிக்கு ஒரு தனியாருக்கு விற்பனை. இத்தனைக்கும் அந்த ஊர் மக்களுக்குச் சேவை பிடித்திருந்தது. ஊராருக்கே வேண்டும் என்று ஒரு கூட்டுறவு அமைப்புகூட வாங்கப் போட்டியிட்டது.

ஆகவே உங்கள் ஊரில் பத்திரத்துக்கு எது பிணை என்று கேளுங்கள். இணைய வருவாய் மட்டும் பிணை என்றால் வட்டி அதிகம், ஆனால் தோற்றால் அடி பத்திரம் வாங்கியவருக்கு. மின்துறை வருவாயும் சேர்ந்து பிணை என்றால் வட்டி குறையும். லாங்மாண்ட் அப்படித்தான் செய்தது. ஆனால் இணையச் சந்தா வேண்டாம் என்ற மூதாட்டியின் மின்கட்டணமும் அதற்குள் வந்துவிடுகிறது. நகரத்தின் வரி வருமானமே பிணை என்றால் நான் எதிர்த்தே வாக்களிப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தாதாரர் எண்ணிக்கையும் வரவுசெலவும் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். இதை ‘வணிக ரகசியம்’ என்று மூட ஒரு தீர்மானம் வந்தால் பர்லிங்டனை நினைவுபடுத்துங்கள்.

முன்னோடி ஊர்களின் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத ஒரு காரணமும் இப்போது சேர்ந்திருக்கிறது. லாங்மாண்ட் தொடங்கியபோது மக்கள் கேபிளின் மீது வெறுப்பிலும் தொலைபேசிக் கம்பியின் மீது சலிப்பிலும் இருந்தார்கள். மூன்றாவது வழி கிடையாது. இன்று செல்பேசி நிறுவனங்கள் ஜன்னலோரம் ஒரு பெட்டி வைத்து 5ஜி வழியே வீட்டு இணையம் தருகின்றன. அமெரிக்காவில் அண்மை ஆண்டுகளில் புதிதாகச் சேர்ந்த பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதி அங்கேதான் போயிருக்கிறது. ஃபைபரின் தரம் அதற்கு வராது, மழையிலும் மாலை நெரிசலிலும் அது தெரியும். ஆனால் தனியாக வாழும் ஓய்வூதியர் ஒருவருக்கு அதுவே போதும். வருமானம் குறைந்த வீடுகளுக்கு மாதம் 30 டாலர் தள்ளுபடி தந்த மத்திய அரசுத் திட்டமும் 2024-இல் பணமின்றி நின்றுவிட்டது. ஆலோசகர் அறிக்கை 2022-க்கு முந்தைய கணிப்பு என்றால் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.

கடன் பெரிதாகத் தெரிகிறது என்று ஊர் தயங்கினால் நடுவழி ஒன்றும் உண்டு. ஐடஹோ மாநிலத்தின் ஆமன், உங்கள் ஊரைவிடச் சிறியது. அங்கே நகராட்சி இணையச் சேவை விற்பதில்லை, ஃபைபரை மட்டும் வைத்திருக்கிறது. தெருக்காரர்கள் போதிய அளவில் விருப்பம் தெரிவித்தால் அந்தப் பகுதி ஒரு மேம்பாட்டு வட்டமாக அறிவிக்கப்படும். சேருகிற ஒவ்வொரு வீடும் சுமார் 3,000 டாலரை ஒரே தடவையாகவோ 20 ஆண்டுத் தவணையாகவோ ஏற்கும். வேண்டாம் என்பவருக்குக் கட்டாயம் இல்லை. அந்த ஃபைபரின் மேல் பல நிறுவனங்கள் போட்டியிடுகின்றன. வீட்டுக்காரர் இணையப் பக்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் மாறிவிடலாம். சாலை ஊருடையது, அதில் ஓடும் பஸ் யாருடையதாகவும் இருக்கலாம் என்கிற ஏற்பாடு. புரோவோவும் மொத்த விற்பனைதானே என்று கேட்பீர்கள். அங்கே ஊர் முழுதும் முதலில் கட்டிவிட்டு ஆள் தேடினார்கள். ஆமனில் ஆள் சேர்ந்த தெருவில்தான் குழி வெட்டினார்கள். கடன் சேர்ந்த வீட்டின் பெயரிலேயே நிற்கிறது. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் 1994-இல் தொடங்கிய ஸ்டோகாப் நிறுவனம் இன்னும் ஒரு படி குறைவாகவே செய்கிறது: ஒளி பாய்ச்சாத வெறும் இழையை மட்டும் எல்லாருக்கும் ஒரே நிபந்தனையில் வாடகைக்கு விடுகிறது. பல ஆண்டுகளாக லாபத்தில் ஓடுகிறது. ஆனால் அது தலைநகரம். வாடகைக்கு எடுக்க வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் வரிசையில் நிற்கும். உங்கள் ஊருக்கு ஆமன் வழிதான் பொருந்தும்.

மாநிலச் சட்டத்தை வழக்கறிஞர் பார்த்துவிட்டாரா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். வட கரோலினாவின் வில்சன் நகரம் 2008 முதல் சொந்த ஃபைபர் நடத்துகிறது. பக்கத்தில் 1,300 பேர் மட்டுமே வாழும் பைன்டாப்ஸ் என்ற சிற்றூருக்கும் இணைப்பு நீட்டியது. அந்த மாநிலத்தின் தடைச்சட்டத்தை 2015-இல் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் ஒதுக்கித்தள்ளியதால் அது சாத்தியமானது. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பைப் பிடுங்க வேண்டிய நிலை வந்தது. பிறகு சட்டமன்றம் அந்த ஓர் ஊருக்கு விலக்கு கொடுத்தது, அதுவும் வேறொரு நிறுவனம் அங்கே ஃபைபர் கொண்டுவரும் வரைக்கும் மட்டும். கொலராடோ தன் தடையை 2023-இல் நீக்கிவிட்டது. பல மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் அது இன்னும் நிற்கிறது.

வாக்கெடுப்புக்கு முன்பு நகரசபைக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேச உங்களுக்கு நேரம் தருவார்கள் அல்லவா? அதில் ஒரு கோரிக்கையை மட்டும் வையுங்கள். பத்திரம் வெளியிடும் முன், பகுதி பகுதியாக முன்பதிவு நடத்தட்டும். திரும்பத் தரத்தக்க 25 டாலர் கட்டிப் பதியட்டும். கருத்துக்கணிப்பில் ‘ஆம், சேருவேன்’ என்பவர் எல்லாரும் சேருவதில்லை. பணம் கட்டியவர் பெரும்பாலும் சேருவார். எந்தப் பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வீடுகள் பதிந்தனவோ அங்கே முதலில் கட்டட்டும். முதல் இரண்டு பகுதிகளுக்கு வேண்டிய அளவு மட்டும் முதல் பத்திரம் போடட்டும். அங்கே 40 சதவீதம் தாண்டியது என்று பொதுவில் காட்டிய பிறகே அடுத்த பத்திரம். இந்த நிபந்தனை தீர்மானத்தின் வாசகத்திலேயே இருந்தால் தயங்காமல் ஆதரித்து வாக்களியுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளிலும் போய்ச் சொல்லுங்கள். ஊர் முழுவதற்குமான கடனை ஒரே தடவையில் வாங்கிவிட்டு, மக்கள் சேருவார்கள் என்ற நம்பிக்கையை மட்டும் கையில் வைத்திருக்கிறார்கள் என்றால், இந்த முறை வேண்டாம் என்று வாக்களித்துத் திருத்திக்கொண்டு வரச் சொல்லுங்கள். லாங்மாண்டில் 2009-இல் தோற்றது 2011-இல் வென்றது.